பாலாறு உப்பாறான வரலாறு

ஆறுகளுக்குப் பெயர் சூட்டுவதில் நம் முன்னோர் சொல்லை வீணாக்கியவர்கள் அல்லர். வடதமிழகத்தின் பெரிய ஆறு ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு, 'இதற்கா ஆறு என்று பெயர்?' என்ற ஐயமே எழும். ஆயினும் அதற்குப் பாலாறு என்றும், வடமொழியில் க்ஷீரநதி என்றும் பெயர் நிலைத்துவிட்டது. வெளியே தெரியாமல் உள்ளே சுரந்து உயிர் வளர்ப்பதுதானே பால்? மணலுக்கடியில் மறைந்தோடி ஊர் ஊராகக் கிணறுகளை நிறைத்த நீருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

அந்தப் பாலில் உப்புக் கலந்த வரலாறு ஒன்று உண்டு. கொடியவன் ஒருவன் ஓரிரவில் நஞ்சிட்ட கதையன்று அது. நேர்மையான உழைப்பு, நாட்டின் அந்நியச் செலாவணித் தேவை, நல்ல நோக்கத்துடன் வகுக்கப்பட்ட அரசின் கொள்கை, தாமதமாகக் கண்விழித்த சட்டம் ஆகிய யாவும் சேர்ந்து உருவாக்கிய வரலாறு. ஆதலால்தான் அதனை நாம் பொறுமையோடு படித்தறிய வேண்டியுள்ளது.

மணலுக்கடியில் ஓர் ஆறு

கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, அம்மாநிலத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்து வாணியம்பாடிப் பகுதியில் தமிழகத்திற்குள் நுழைகிறது. ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகத் தமிழகத்தில் மட்டும் 222 கிலோமீட்டர் நடந்து, வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

ஆறு என்பது இரு கரைகளுக்கிடையே ஓடும் நீர் மட்டுமன்று. எந்த நிலத்தில் பெய்யும் மழை இறுதியில் ஓர் ஆற்றை வந்தடைகிறதோ, அந்த நிலம் முழுவதும் அவ்வாற்றின் உடல். அதனையே வடிநிலம் என்கிறோம். மலைச்சரிவு, ஓடை, ஏரி, கழனி, கிணறு, ஊர்ச் சாக்கடை அனைத்தும் அவ்வுடலின் உறுப்புகள். ஓர் உறுப்பில் ஏற்படும் புண் மற்றோர் உறுப்பில் காய்ச்சலாக வெளிப்படும்.

பாலாற்று வடிநிலத்தை நன்கறிந்த பழந்தமிழர், அதன் நீரைப் பிடித்து நிறுத்தப் பேரணைகள் கட்டவில்லை, ஏரிகளை வெட்டினர். பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரி இன்றும் அதற்குச் சான்று. மணற்பரப்பில் வாய்க்கால் தோண்டி, ஊறிவரும் நீரைக் கழனிக்குத் திருப்பிய ஊற்றுக்கால்களும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாலாஜாபேட்டை அருகே எழுந்த பாலாற்று அணைக்கட்டு, இந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சியே.

நீருக்காக மாநிலங்கள் வழக்காடுவதும் புதிதன்று. 1892-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திற்கும் மைசூர் சமஸ்தானத்திற்கும் ஏற்பட்ட உடன்பாட்டில் பாலாறும் இடம்பெற்றது. ஆனால் அவ்வுடன்பாட்டின் கவலையெல்லாம் நீரின் அளவைப் பற்றியது. அதன் தன்மை கெடக்கூடும் என்ற எண்ணம் அன்று எவர் மனத்திலும் எழவில்லை. எழ வேண்டிய காலம் விரைவிலேயே வந்தது.

ஆவாரம்பட்டையின் காலம்

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பது நம் பழமொழி. மருந்தாகப் போற்றப்பட்ட அந்தச் செடியின் பட்டைதான் தமிழகத்துத் தோல்தொழிலுக்கு நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது. பச்சைத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் ஊனும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் வாரக்கணக்கில் கிடத்திப் பதனிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இவ்வாறு பதனிடப்பட்ட தென்னிந்தியத் தோல், சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலகப்போரின்போது படைவீரரின் காலணிகளுக்கு இத்தோல் பெரிதும் தேவைப்பட்டதால், அதன் ஏற்றுமதியையே அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இத்தொழிலால் வளர்ந்தன. தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் முதலிட்டு நடத்தின. சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். ஊர் அவர்களைத் தள்ளிவைத்தது; அவர்கள் பதனிட்ட தோலை உலகம் விரும்பி அணிந்தது.

அக்காலத்துத் தொழில் தூய்மையானது என்று சொல்வதற்கில்லை. துர்நாற்றமும் கழிவுநீரும் அன்றும் இருந்தன. ஆனால் பட்டைச்சாறு மரம் தந்தது. மண் அதனை நாளடைவில் செரித்துக்கொண்டது. தொழிலின் அளவும் சிறியது. ஆறு தாங்கக்கூடிய சுமையாக அது இருந்தது.

குரோமியம் என்னும் உலோக உப்பைக் கொண்டு தோலைப் பதனிடும் முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்திற்கு வந்தது. மாகாண அரசின் பணியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் இதற்கு முனைந்து முயன்றவர். சென்னைக்குத் தெற்கே எழுந்த குரோம் தோல் தொழிற்சாலை ஒன்றின் பெயரே அங்குள்ள குரோம்பேட்டைக்கு நிலைத்தது. பட்டைச்சாறு வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமியம் ஒருசில நாட்களில் முடித்தது. ஆயினும் பாலாற்றங்கரையில் பெரும்பாலோர் பல பத்தாண்டுகள் வரை பட்டை முறையையே தொடர்ந்தனர்.

கொள்கை ஒன்று மாறியபோது

திருப்பம் 1970-களின் தொடக்கத்தில் நேர்ந்தது. பச்சைத்தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் குறைந்த விலைக்கு அயல்நாட்டிற்கு அனுப்பிவிட்டு, அவர்கள் அதனைக் காலணியாக்கிப் பன்மடங்கு விலைக்கு விற்பதை ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற வினா டெல்லியில் எழுந்தது. இதனை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, முற்றுப்பெறாத தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது.

இக்கொள்கையைக் குறை கூறுவது எளிதன்று. உழைப்பின் பயன் நம் நாட்டிலேயே தங்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. அதனால் பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முதலாகத் தம் கையில் மாதச்சம்பளம் பெற்றனர். நாட்டின் தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழகத்தினுடையது என்று உச்ச நீதிமன்றமே பின்னாளில் குறிப்பிட்டது.

ஆனால் அயல்நாட்டுச் சந்தை கேட்டது, மென்மையும் பலவண்ணமும் உடைய தோலை. அதற்குக் குரோமியமே ஏற்றது. ஆவாரம்பட்டை பின்வாங்கியது. தொழிற்சாலைகள் பெருகின. குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்பட்டன; ஒரு கிலோ தோலை முடித்தெடுக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாயிற்று. செலவான நீர் எங்கே போகும் என்ற வினாவுக்கு அக்கொள்கையில் விடை இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல்தான் பிறந்தது. அதனை இங்கே செயல்படுத்த வேண்டிய தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்ததோ 1982-இல். புதிய கொள்கையால் தொழில் பெருகத் தொடங்கிய அந்த ஆண்டுகளில் கழிவுநீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் கட்டுப்பாடின்றிக் கலந்தது. கொடிய கழிவுத் தொழில்களை ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாக அமைக்கலாகாது என்று மாநில அரசு 1989-இல் ஆணையிட்டபோது, தொழிற்சாலைகள் ஏற்கெனவே கரையோரங்களில் வேரூன்றியிருந்தன.

கிணற்றில் விழுந்த உப்பு

தோல்கழிவு என்றவுடன் எல்லோரும் குரோமியத்தையே சுட்டுவர். அதில் உண்மை உண்டு. பதனிடும்போது இடப்படும் குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சிக்கொள்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு வெளியேறிவிடும். சேற்றில் படியும் குரோமியத்தைவிட, நீரில் எளிதில் கரையும் வடிவிலுள்ள குரோமியம் மிகவும் கொடியது, புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. தோலுக்குத் தேவையான குரோமிய வேதிப்பொருள்களைத் தயாரித்து வந்த ராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அதன் வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. மழை அதன்மேல் பெய்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. 2006-இல் உலகில் மிகவும் மாசடைந்த 10 இடங்களை அமெரிக்க அமைப்பு ஒன்று வரிசைப்படுத்தியபோது, ராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது.

ஆனால் பாலாற்றுக் கிணறுகளை மிகப் பரவலாகக் கெடுத்தது, நாம் அன்றாடம் சோற்றில் இடும் எளிய உப்புத்தான். அறுத்த விலங்கின் தோல் அழுகாதிருக்க, ஒரு டன் தோலுக்குச் சுமார் 400 கிலோ உப்பைத் தடவுவார்கள். பதனிடும் முன் அத்தோலை நீரில் ஊறவைக்கும்போது அந்த உப்பு முழுவதும் நீரில் இறங்கிவிடும். பின்னர் அமிலத்தோடும் உப்புச் சேர்க்கப்படும். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது. வேறு வழியில்லாவிடில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். தோல் தொழிற்சாலையின் கழிவுநீரிலோ அது 10,000-ஐயும் தாண்டும்.

உப்புக்கு ஒரு தன்மை உண்டு. அது அழுகாது, ஆவியாகாது, மண்ணால் செரிக்கப்படாது. நீர் போகுமிடமெல்லாம் கூடவே போகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறாக இருந்தால் கடலுக்கு அடித்துச் சென்றிருக்கும். பாலாறோ சில நாட்களே கண்ணுக்குத் தெரிய ஓடும் ஆறு. அதன் நீரெல்லாம் மணலிலும் அடிநிலத்திலும் தங்கி மெல்ல நகர்வது. எந்தத் தன்மை பாலாற்றைப் பாலாறாக்கியதோ, அந்தத் தன்மையே உப்பையும் அதன் மடியில் தங்க வைத்தது.

கிணற்றுநீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. தென்னையின் காய் சிறுத்தது. நெல் பயிரிட்ட வயல்களில் உப்புப் பூத்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண்நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நிலையம் கண்டறிந்தது. சொந்தக் கிணறு வைத்திருந்த உழவர் குடும்பத்துப் பெண்கள், குடிநீருக்குக் குடத்துடன் வண்டியை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது.

தோல் மட்டுமே இதற்குக் காரணம் என்றால் அது நீதியாகாது. வளர்ந்துவிட்ட நகரங்கள் தம் சாக்கடையையும் குப்பையையும் இதே ஆற்றில் விட்டன. ஆற்றுமணல் லாரி லாரியாக வெளியேறியது. மணல் என்பது வெறும் கட்டடப் பொருளன்று. நீரை வடிகட்டும் சல்லடையும், தேக்கிவைக்கும் பஞ்சும் அதுவே. அது குறையக் குறைய, தங்கும் நன்னீர் குறைந்தது. எஞ்சிய நீரில் உப்பின் செறிவு கூடியது. கழிவை இட்டவரும், கழிவைத் தாங்கும் ஆற்றலை அகற்றியவரும் இதில் பங்காளிகளே.

நீதிமன்றத்தின் படிகளில்

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் வரலாற்றில் ஒரு மைல்கல். தோல்தொழில் நாட்டிற்கு இன்றியமையாததுதான். எனினும் மண்ணையும் நீரையும் அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்று நீதிமன்றம் உரைத்தது. தீங்கு நேருமுன் தடுத்தல், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அறிவித்தது. தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாதவற்றை மூட ஆணையிட்டது. இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையத்தை அமைக்கச் செய்தது.

பயன் இல்லாமற் போகவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செயல்படத் தொடங்கின. ஆயினும் அந்நிலையங்கள் கழிவின் அழுகலை அகற்றினவே ஒழிய, கரைந்த உப்பை அகற்ற இயலவில்லை. பின்னாளில் சவ்வு வழியே நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்கும் கருவிகள் வந்தன. நீர் மீண்டும் தொழிலுக்குப் பயன்பட்டது. ஆனால் வேதிப்பொருள் கலந்த அந்த உப்பு மூட்டைகளுக்குப் போக்கிடம் இல்லை. கழிவு வடிவம் மாறிற்று; மறையவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அச்சேற்றில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். பாலாற்றின் கழிவுக்குப் பாலாற்றைப் பார்த்தே அறியாதவர்கள் பலியாயினர்.

இழப்பீட்டின் கதையும் சிந்திக்கத்தக்கது. ஆணையம் 2001-இல் அளித்த முடிவின்படி, வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோர் 29,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுக்குச் சேர வேண்டிய தொகை சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய் அளவே வரும். ஒரு கிணற்றின் விலை அது! அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 1996-இன் தீர்ப்பு வெளிவந்து 28 ஆண்டுகளுக்குப் பின்னரும், 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது. எஞ்சியவர்களுக்கு அரசு இழப்பீடு வழங்கி, அதனை மாசுபடுத்தியவரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைத்து ஆற்றின் மீட்சியைக் கண்காணிக்க வேண்டும் என்றும் அது பணித்தது. முதல் வழக்கு நடந்தபோது இளைஞராக இருந்த உழவர், இரண்டாம் தீர்ப்பின்போது முதியவராகியிருந்தார்.

இரு ஏடுகள்

2021 நவம்பரில் பாலாறு கரைகொள்ளாமல் ஓடியது. நூற்றாண்டுக்கு மேலாகக் காணாத வெள்ளம் என்று முதியோர் வியந்தனர். பாலங்களில் மக்கள் திரண்டு நின்று ஆற்றை வணங்கினர். வெள்ளம் ஓரளவு உப்பைக் கழுவிச் சென்றிருக்கும். ஆயினும் அடிநிலத்தில் பல பத்தாண்டுகளாக ஊறியதை ஒரு வெள்ளம் அகற்றிவிடாது. மழைக்காலங்களில் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் ஆற்றில் நுரை பொங்குவதாக வந்த செய்திகளும் அதன் பின்னர் ஓய்ந்துவிடவில்லை.

இவ்வரலாற்றின் நடுவே ஓர் உண்மை புலப்படுகிறது. தோல்தொழிலுக்கு இரு கணக்கேடுகள் இருந்தன. வரவேடு சென்னைத் துறைமுகத்திலும் டெல்லியின் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்திலும் எழுதப்பட்டது. அது தெளிவாக இருந்தது. ஆண்டுதோறும் பாராட்டப் பெற்றது. செலவேடோ வடிநிலத்தின் கிணறுகளில் உப்பால் எழுதப்பட்டது. எவரும் அதனைப் படிக்கவில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டிக்கழித்துப் பார்க்க இந்நாட்டிற்கு இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தோலைத் தொட்டறியாத உழவர்தான் அதுவரை அந்தக் கடனைக் கட்டினார். பல குடும்பங்களில் தந்தை நிலத்தை இழந்தவர், மகள் காலணி ஆலையின் தொழிலாளி. ஒரே வீட்டில் வரவும் செலவும் உறவாடின. 'தொழிலா, ஆறா?' என்று அவர்களை நோக்கிக் கேட்பது இரக்கமற்ற கேள்வி. இரண்டையும் காக்கும் செலவு தோலின் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். சேராத அந்தப் பங்கை அவர்கள் கிணற்றிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

நாம் என்று சொல்வது தகும். அக்காலணிகளை அணிந்தவர் அயல்நாட்டினர் மட்டுமல்லர். கைப்பையும் இடைவாரும் மலிவாய்க் கிடைத்தபோது மகிழ்ந்தவர் நாமும்தான். நம் ஊர்ச் சாக்கடை எங்கே கலக்கிறது என்று கேட்டறியாதவரும் நாமே.

பெண் கொடுக்குமுன் அந்த ஊரின் தண்ணீர் எப்படி என்று விசாரிப்பது நம் பெற்றோரின் வழக்கம். ஓர் ஊரின் வளத்தை அவர்கள் அளந்த முறை அது. ஏற்றுமதிக் கணக்கைவிட நம்பத்தக்க அளவுகோலும் அதுவே. இனி ஒரு தொழிலையோ திட்டத்தையோ நம் பகுதிக்கு வரவேற்கும்போது, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கும் அதே மூச்சில், அதன் கீழ்நிலத்துக் கிணற்றில் இருபது ஆண்டுகளுக்குப் பின் பருப்பு வேகுமா என்றும் கேட்போம். பாலாற்றங்கரையில் இக்கேள்வி 1970-களில் எழுந்திருந்தால், 2025-இல் ஒரு தீர்ப்பு தேவைப்பட்டிராது.